ரோந்துக் கப்பலுக்குப் பணம்: தானமா, கடனா, உரிமக் காசா?

என் தங்கை வீட்டுக்காரர் சீஷெல்ஸ் தீவு நாட்டில், விக்டோரியா நகரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே இருக்கும் நவசக்தி விநாயகர் கோயில் பக்கம் நம்மாட்கள் கூடிப் பேசுவார்களாம். அங்கே ஒரு பேச்சு வந்து, முடிவுக்கு வராமல் சண்டையாகிவிட்டது. ராத்திரி எனக்குப் போன் போட்டார். "மச்சான், இந்த மாதிரி சின்ன நாட்டுக்கு மீன்வளத்தைக் காக்க இன்னொரு ரோந்துக் கப்பல் வேணும்னா எந்தக் காசுல வாங்கறது சரி? ஒருத்தர் இந்தியா சும்மா தரும்கிறார், ஒருத்தர் கடன் வாங்கலாம்கிறார், இன்னொருத்தர் பழசு ஒண்ணு பிடிச்சா போதும்கிறார். நீங்க படகுக் குடும்பம், சொல்லுங்க."

நான் காசிமேட்டில் டீசல் பம்ப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஒரு லாஞ்ச், அதாவது மீன்பிடி விசைப்படகு, இருந்தது. கடை போடுவதற்கு முன்னால் எட்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூம் வேலை பார்த்தேன். போனில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரோந்துக் கப்பல் என்ற பேச்சை எடுத்தாலே நம் கரையில் வயிற்றில் புளியைக் கரைக்கும். ராமேஸ்வரத்துக்காரர்கள் படும் பாட்டைத் தினமும் பேப்பரில் பார்க்கிறோம். நம் லாஞ்சுகள் வடக்கே ஆந்திரக் கடலில் சிக்கி வந்த கதை ஜீரோ கேட்டில் எவரைக் கேட்டாலும் கிடைக்கும். ஆழ்கடல் தூண்டிலுக்குப் போகும் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் சீஷெல்ஸிலும் இந்தியப் பெருங்கடல் தீவான டியேகோ கார்சியாவிலும் பிடிபட்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்தத் தீவுக்காரர் பக்கம் நின்று பார்த்தால் நியாயம் விளங்குகிறது. அவர்களுக்கு வயல் கிடையாது, சுரங்கம் கிடையாது. கடலும் அதைப் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களும்தான் சொத்து. அந்தக் கடலுக்குள் இரவோடு இரவாகப் புகுந்து சூரையும் கேரையும் (டியூனா மீன் வகைகள்) அள்ளிக்கொண்டு போகிறவன் அந்த நாட்டுப் பிள்ளைகளின் சோற்றில் கை வைக்கிறான்.

அளவைப் பாருங்கள். சீஷெல்ஸின் மொத்த நிலம் சுமார் 460 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சி 426. ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே. நம் தண்டையார்பேட்டை மண்டலத்தில் இருப்பதைவிடக் குறைவு. ஆனால் கரையிலிருந்து 200 கடல் மைல் கணக்கில் அவர்களுக்குச் சேரும் கடல் 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டைப் பத்து தடவை பரப்பி வைத்த மாதிரி.

நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ரோந்துக் கப்பலின் ராடார் சின்ன மீன்பிடிக் கப்பலை இரண்டு பக்கமும் 20 கடல் மைல் வரை பிடிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல் மைல், இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளில் 14,400 சதுர கடல் மைல் பார்க்கலாம். அது ஏறக்குறைய 49,000 சதுர கிலோமீட்டர். மொத்தக் கடலையும் ஒரு சுற்றுப் பார்த்து முடிக்க நான்கு வாரம் ஆகும். முதல் நாள் பார்த்த இடத்துக்கு மறுபடி வருவதற்குள் திருடன் வந்து, பிடித்து, விற்றுவிட்டும் போயிருப்பான். அதிலும் ஒரு கப்பல் எப்போதும் கடலில் நிற்க வேண்டும் என்றால் மூன்று கப்பல் வேண்டும் என்பது கப்பற்படைக்காரர்களின் பழைய கணக்கு: ஒன்று கடலில், ஒன்று கிளம்பத் தயாராக, ஒன்று பழுதுபார்க்கக் கரையேற்றும் ஸ்லிப்வேயில். நம்ம ஊரில் நாலு லாஞ்ச் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த நாளில் அவருடைய நாலும் ஒன்றாகக் கடலுக்குப் போயிருக்கின்றன?

ஆகவே கப்பலின் விலை என்பது செலவின் தொடக்கம் மட்டுமே. டீசல், மாலுமிச் சம்பளம், உதிரி பாகம், வருஷத்துக்கு ஒருமுறை மேலே ஏற்றி அடித்தளம் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது என்று இருபது இருபத்தைந்து வருஷத்துக்குக் கூட்டினால் வாங்கிய விலையைத் தாண்டி எங்கோ போய் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

சும்மா வரும் கப்பல்

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் என்ன நடந்தது என்று என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உதவி செய்ய வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். கட்டுமரம் போனவருக்கு ஃபைபர் படகு, கூலிக்குப் போனவருக்கும் ஃபைபர் படகு. தமிழ்நாட்டுக் கரை முழுக்க இழந்ததைவிடக் கூடுதலாகப் படகு வந்து இறங்கியது. அவசரத்தில் வார்த்தவை பல. சிலது ஒரு வருஷத்திலேயே விரிசல் விட்டது. படகு வந்த வீட்டில் இன்ஜினுக்கு மண்ணெண்ணெய் போட வழியில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு படகு கவிழ்த்துப் போட்டபடி ஆட்டுக்கு நிழலாகக் கிடந்தன. கொடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஓட்டுவதற்கு வழி சொல்லாமல் படகை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

சீஷெல்ஸுக்கு இந்தியா கொடுத்தவை அந்த ரகம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2005ல் 'டோபாஸ்', 2014ல் 'கான்ஸ்டன்ட்', 2021ல் 'ஜொராஸ்டர்'. முதல் இரண்டும் நம் கடற்படையில் ஓடியவை. மூன்றாவது கொல்கத்தாவின் கார்டன் ரீச் யார்டில் சுமார் 100 கோடி ரூபாய் செலவில் புதிதாகக் கட்டியது. நீளம் 49 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு டார்னியர் விமானங்களும் கொடுத்திருக்கிறோம். டோபாஸ் 2010ல் சோமாலியக் கடற்கொள்ளையரோடு மோதி, கடத்தப்பட்ட படகில் இருந்தவர்களை மீட்டது. அந்தக் கப்பல் இல்லாவிட்டால் அந்த ஆட்கள் கதி என்ன?

தானத்தை இன்னும் ஒழுங்காகச் செய்து காட்டியது ஆஸ்திரேலியா. 1987 முதல் 1997 வரை பசிபிக் தீவு நாடுகள் 12க்கு 22 ரோந்துப் படகு கொடுத்தது. அவை பழசானதும் 2018லிருந்து 39.5 மீட்டர் நீளமுள்ள 'கார்டியன்' ரகப் படகுகளை மாற்றாகக் கொடுக்கிறது. படகோடு பயிற்சி, பழுதுபார்ப்பு, கூட இருந்து வழிகாட்ட ஆஸ்திரேலியக் கடற்படை ஆட்கள் எல்லாம் சேர்த்து. பதினோராயிரம் பேர் மட்டுமே வாழும் துவாலுவால் தன் காசில் இப்படி ஒன்றை வாங்கிப் பராமரிக்க முடியுமா? முடியாது. 2023ல் அவர்கள் படகு வனுவாட்டுவில் புயலில் மாட்டிக்கொண்டு நாசமானபோது அடுத்த வருஷமே மாற்றுப் படகு வந்தது. சமோவாவின் படகு 2021ல் தரைதட்டி, திரும்பச் சரிசெய்ய முடியாதபடி போனது. ஒரே படகு வைத்திருக்கும் நாட்டுக்கு ஒரு விபத்து என்றால் ரோந்தே நின்றுபோகிறது. அந்த நேரத்தில் பின்னால் நிற்க ஒரு ஆள் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே தானத்தை நான் லேசில் ஒதுக்க மாட்டேன்.

சரி, கயிறு எங்கே கட்டியிருக்கிறது? சீஷெல்ஸின் அசம்ப்ஷன் தீவில் இந்தியா கடற்படை வசதிகள் கட்ட 2015ல் ஒப்பந்தம் ஆனது, 2018ல் திருத்தியும் கையெழுத்தானது. அந்த நாட்டு மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள், திட்டம் நின்றுவிட்டது. மாலத்தீவில் நாம் கொடுத்த ஹெலிகாப்டர்களையும் டார்னியரையும் இயக்க நம் ராணுவத்தினர் அங்கே இருந்தார்கள். 2023 தேர்தலில் அதுவே பெரிய பேச்சாகி, 2024 மே மாதத்துக்குள் அவர்கள் திரும்பி வர வேண்டியதாயிற்று. கொடுத்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கொடுத்த பொருளை ஓட்டத் தெரிந்தவரும் கொடுத்தவரே என்றால், வாங்கியவர் வீட்டில் என்றைக்காவது ஒரு நாள் அது சச்சரவாகும். ஆகவே தானம் கேட்கும்போது கப்பலை மட்டும் கேட்கக் கூடாது. தங்கள் பையன்கள் இருபது பேரை இன்ஜின் வேலைக்குப் பழக்கித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும், பத்து வருஷத்துக்கான உதிரி பாகமும் சேர்த்து.

கட்டித் தருகிறவரே கொடுக்கும் கடன்

மொரிஷியஸ் போன வழி இது. 'பாரகுடா' என்ற 74 மீட்டர் ரோந்துக் கப்பலை கார்டன் ரீச் யார்டு கட்டி 2014 கடைசியில் கொடுத்தது. வெளிநாட்டுக்காக இந்திய யார்டு கட்டி ஏற்றுமதி செய்த முதல் போர்க்கப்பல் அதுதான். விலை சுமார் 5.85 கோடி டாலர். பெரும்பகுதி இந்தியா கொடுத்த சலுகைக் கடன், மீதி மானியம்.

நம் ஏலக் கூடத்தில் பழகியவர்களுக்கு இந்த மாதிரிக் கடன் புதிதல்ல. லாஞ்ச் கட்டும்போது கமிஷன்காரர் அட்வான்ஸ் கொடுப்பார். வட்டி பெரிதாக இருக்காது. ஆனால் பிடித்து வரும் மீனை அவர் கையில்தான் ஏலத்துக்குக் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் அடையும் வரை வேறு ஆளிடம் போக முடியாது. அப்பா அப்படி ஒருவரிடம் பதினொரு வருஷம் கட்டுப்பட்டிருந்தார். அந்த ஆள் எங்களை ஏமாற்றவில்லை, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரியில் பணம் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். ஆனால் பக்கத்தில் வஞ்சிரத்துக்குக் கூடுதல் விலை கேட்கும்போது அப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நாட்டுக்கும் அதே நிலைதான். கடன் கொடுத்தவர் யார்டில் கட்ட வேண்டும், அவர் சொல்லும் இன்ஜின் போட வேண்டும், பழுதுக்கும் அங்கேயே போக வேண்டும்.

இருந்தாலும் இதில் ஒரு நல்ல மாதிரி உண்டு. நமக்குப் பக்கத்தில் எண்ணூர் தாண்டி இருக்கும் காட்டுப்பள்ளி யார்டை வைத்திருக்கும் எல் அண்ட் டி, வியட்நாம் எல்லைக் காவலுக்கு 12 அதிவேகப் படகு செய்து கொடுத்தது. இந்தியா கொடுத்த 10 கோடி டாலர் கடனில் நடந்த வேலை. ஐந்தை இங்கே கட்டி, மீதி ஏழை வியட்நாமின் ஹாங் ஹா யார்டிலேயே கட்டினார்கள். 2022 ஜூனில் கொடுத்து முடிந்தது. கடனோடு வேலையும் சேர்ந்து போனது. சீஷெல்ஸில் அந்த அளவுக்கு யார்டு கிடையாது, அதனால் கட்டும் வேலையைக் கேட்க முடியாது. ஆனால் வருஷாந்தரப் பராமரிப்பைத் தங்கள் துறைமுகத்திலேயே செய்யும் வசதியை அந்தக் கடனுக்குள் சேர்க்கச் சொல்லலாம். கட்டாயம் சொல்ல வேண்டும்.

மீனைக் காட்டி வாங்கிய கடன்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. "சூரை விற்ற காசில் அடைத்துவிடலாம்" என்று கோயில் வாசலில் ஒருவர் சொன்னாராம். அவருக்காக.

மொசாம்பிக், 2013. சூரை மீன்பிடிக்கும் கப்பல்களும் கடலைக் காக்கும் ரோந்துப் படகுகளும் வாங்க எமாட்டம் என்ற பெயரில் அரசுக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பெயரில் வெளிநாட்டுச் சந்தையில் 85 கோடி டாலர் கடன். உலகம் அதை 'சூரைப் பத்திரம்' என்றே அழைத்தது. அதோடு நிற்கவில்லை, கடலோரக் காவலுக்கும் கப்பல் பழுதுபார்க்கும் யார்டுக்கும் என்று இன்னும் இரண்டு கம்பெனி. மூன்றும் சேர்ந்து சுமார் 200 கோடி டாலர். அரசு உத்தரவாதம் கொடுத்தது, ஆனால் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல். மற்ற இரண்டு கடனும் 2016ல் வெளியே தெரிந்தபோது பன்னாட்டு நாணய நிதியம் உதவியை நிறுத்தியது, மற்ற நாடுகளும் கையை மடக்கிக்கொண்டன, அந்த நாட்டு நாணயம் சரிந்தது. அரிசியும் கோதுமையும் இறக்குமதி செய்யும் நாட்டில் நாணயம் சரிந்தால் அடி யார் வயிற்றில் விழும் என்று சொல்லவா வேண்டும்?

மீன்பிடிக் கப்பல் 24 வந்தது. பெரும்பாலானவை மாபுடோ துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. போட்ட திட்டத்தில் எழுதியிருந்த வருமானத்துக்குப் பக்கத்தில்கூட மீன் வரவில்லை. 2017ல் வந்த தனித் தணிக்கை, கப்பல்களுக்கும் சாதனங்களுக்கும் 70 கோடி டாலருக்கு மேல் கூட்டி விலை போட்டிருப்பதாகவும், 50 கோடி டாலர் எங்கே போனது என்று விளக்கம் இல்லை என்றும் சொன்னது. கடன் ஏற்பாட்டில் இருந்த கிரெடிட் சுவிஸ் வங்கி 2021ல் அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகளோடு சுமார் 47.5 கோடி டாலருக்குத் தீர்வு செய்துகொண்டது. அன்றைய நிதி அமைச்சர் மான்யுவல் சாங் 2024ல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2025 ஜனவரியில் எட்டரை வருஷச் சிறை பெற்றார்.

ஊழலால்தான் அப்படி ஆனது, நேர்மையாக நடத்தினால் சரியாக வரும் என்று வாதாடலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊழலை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு நிற்காது. ரோந்துக் கப்பல் காசு சம்பாதிக்கும் பொருள் இல்லை, வீட்டுக்கு வேலி போடுகிற மாதிரி. வேலிக்குக் கடன் வாங்கி, தோட்டத்தில் காய்க்கப் போகும் மாங்காயை நம்பித் தவணை ஒத்துக்கொண்டால் என்ன செய்வது? சூரை ஒரு வருஷம் மேற்கே வரும், ஒரு வருஷம் கடல் சூடாகி வேறு பக்கம் போகும். தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். பிடிபடும் கப்பல்களுக்குப் போடும் அபராதத்தை வருமானமாகக் காட்டுவதும் அதே தவறுதான். ரோந்து ஒழுங்காக நடந்தால் திருட்டு குறையும், அபராதமும் குறையும். அப்போது தவணையை எதிலிருந்து கட்டுவது?

ஆகவே மாப்பிள்ளை, சந்தை வட்டிக் கடன் மட்டும் வேண்டவே வேண்டாம். மற்ற வழிகளில் நான் முன்பின் யோசிப்பேன். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

சொந்தக் காசில் புதிது, சொந்தக் காசில் பழசு

புதிதாக வாங்குவதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எண்ணெய்ப் பணம் உள்ள டிரினிடாட் 2007ல் பிரிட்டனில் மூன்று பெரிய ரோந்துக் கப்பலுக்கு ஆர்டர் கொடுத்தது. கட்டி முடிக்கும் சமயத்தில் ஆட்சி மாறியது, 2010ல் ஆர்டரை ரத்து செய்தார்கள். அந்த மூன்றையும் பிரேசில் வாங்கிக்கொண்டு போனது. சின்ன நாட்டின் பட்ஜெட்டில் இவ்வளவு பெரிய செலவு ஒரு தேர்தலைத் தாங்காது.

பழசு வாங்குவது எனக்குப் பிடித்த வழி, ஒரு நிபந்தனையோடு. ஐஸ்லாந்து கடலோரக் காவல், தென்கொரியாவில் கட்டிய, எண்ணெய்க் கிணறுகளுக்குச் சேவை செய்து ஓடிய ஒரு கப்பலை 2021ல் வாங்கி ஃப்ரேயா என்று பெயர் வைத்தது. கல்லு மாதிரியான கப்பல், விலையும் தோது. ஐஸ்லாந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் ஆசான்கள். 1970களில் அவர்களுக்குக் கடற்படையே கிடையாது. நான்கைந்து காவல் கப்பலை வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் இழுவலைக் கப்பல்களின் மடிக் கம்பியை (வலையை இழுக்கும் கம்பி) கடலுக்கு அடியிலேயே அறுக்கும் ஒரு கொக்கியைப் பயன்படுத்தி, 1976ல் 200 மைல் கடல் உரிமையையும் வாங்கிவிட்டார்கள். மடி அறுபட்டுப் போனவன் படும் வேதனை தெரிந்தவன் நான். ஆனாலும் இரண்டேகால் லட்சம் ஜனம் ஒரு பேரரசின் கடற்படைக்கு முன்னால் நின்றதை நினைத்தால் மனம் நிறைகிறது.

நிபந்தனை என்னவென்றால், வாங்கும் முன் ஓட்ட ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அயர்லாந்து 2022ல் நியூஸிலாந்திடமிருந்து இரண்டு கரையோர ரோந்துக் கப்பலை 2.6 கோடி யூரோவுக்கு வாங்கியது. தங்கள் கடலின் அலைக்கு இவை தோதில்லை என்று நியூஸிலாந்து ஓரம் கட்டியவை அவை. அயர்லாந்துக்கு ஐரிஷ் கடலின் அமைதியான பக்கத்துக்கு, குறைந்த மாலுமிகளோடு ஓட்ட ஒத்துவரும் என்று கணக்குப் போட்டார்கள். 2023ல் வந்து சேர்ந்தவை 2024ல்தான் படையில் சேர்ந்தன. அயர்லாந்தின் உண்மையான கஷ்டம் கப்பலில் இல்லை. கடற்படைக்கு அனுமதித்த ஆட்கள் 1,094. இருந்தவர்கள் 800க்கும் கீழே. சம்பளம் போதாமல் இன்ஜின் தெரிந்தவர்கள் தனியார் வேலைக்குப் போய்விட்டார்கள். 2022ல் மூன்று பழைய கப்பலை ஒரே நாளில் விடைகொடுத்து அனுப்பினார்கள். பணம் இருக்கிற நாட்டுக்கே இந்த நிலை. நம் கரையில் இப்போது நல்ல டிரைவர் கிடைக்காமல் எத்தனை லாஞ்ச் கட்டிக் கிடக்கிறது என்று பார்க்கிறோமே, அதேதான்.

வாடகை, கூட்டு

தென் அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளில் மூவாயிரத்துச் சொச்சம் பேர். 1986 கடைசியில் தங்கள் சுற்றுக்கடலில் மீன்பிடிக்க உரிமம் வேண்டும் என்று அறிவித்து, 1987லிருந்து காசு வாங்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் கணவாய், நம்ம ஊர்க் கடம்பா. அந்த ஒரு முடிவு கம்பளி விற்றுப் பிழைத்த தீவைத் தலைகீழாக மாற்றியது. ரோந்துக்கு அவர்கள் கப்பல் வாங்கவில்லை. தனியாரிடம் வாடகைக்கு எடுத்து, தங்கள் மீன்வள அதிகாரிகளை ஏற்றி அனுப்பினார்கள். கப்பல் பழுதானால் அது கப்பல்காரர் பாடு. கைது செய்யும் அதிகாரம் நாட்டின் அதிகாரி கையில். இந்த வழியை நம் பக்கம் யாரும் பேசுவதே இல்லை. எனக்கு இது நிறையச் சரியாகப் படுகிறது, குறிப்பாகச் சொந்தக் கப்பல் ஸ்லிப்வேயில் இருக்கும் மாதங்களுக்கு.

இதற்குத் தம்பி மாதிரி ஒன்று: 2016ல் காபோனும் 2017ல் லைபீரியாவும், சீ ஷெப்பர்ட் என்ற தொண்டு அமைப்பின் கப்பலில் தங்கள் படையினரை ஏற்றிக்கொண்டு திருட்டுக் கப்பல்களைப் பிடித்தன. நல்ல பலன். ஆனால் நன்கொடையில் ஓடும் கப்பல் அடுத்த வருஷம் வேறு கடலுக்குப் போய்விடலாம். முழுதாக நம்ப முடியாது.

கூட்டு ரோந்து சீஷெல்ஸ் பக்கத்தில் ஏற்கெனவே நடக்கிறது. இந்தியப் பெருங்கடல் ஆணைய நாடுகள் ஐரோப்பிய உதவியோடு ஒருவர் கப்பலில் இன்னொருவர் ஆய்வாளர்களை ஏற்றி அனுப்புகின்றன. ஒருங்கிணைக்கும் மையம் சீஷெல்ஸிலேயே இருக்கிறது. மேலே நான் போட்ட நான்கு வாரக் கணக்குக்கு மருந்து இதுவும் வானத்திலிருந்து பார்க்கும் கண்ணும்தான். செயற்கைக்கோள் சொல்லி, டார்னியர் போய் உறுதி செய்தபிறகு கப்பல் கிளம்பினால் பாதி டீசல் மிச்சம்.

உரிமக் காசு

ஐரோப்பியச் சுருக்குமடிக் கப்பல்கள் சீஷெல்ஸ் கடலில் சூரை பிடிக்க 2020 முதல் 2026 வரையான ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 53 லட்சம் யூரோ என்று முடிவானது. அதில் 28 லட்சம் மீன்வளத் துறையை வளர்க்க என்றே ஒதுக்கியது. கப்பல் முதலாளிகள் டன்னுக்குக் கட்டுவது தனி. பசிபிக்கில் நவ்ரு ஒப்பந்தம் என்ற பெயரில் கைகோத்த எட்டு நாடும் சேர்ந்து, கப்பல் ஒரு நாள் பிடிக்க இவ்வளவு என்று விலை வைத்தார்கள். குறைந்தது 8,000 டாலர். 2010ல் ஆறு கோடி டாலர் அளவில் இருந்த வருமானம் பத்து வருஷத்துக்குள் ஐம்பது கோடியைத் தொட்டது. தனித்தனியாக நின்றபோது பேரம் பேசி அடித்தவன், சேர்ந்து நின்றதும் கேட்ட விலை கொடுத்தான். நம் ஏலத்தில் கரைக்காரர்கள் ஒன்றாக நிற்கும் நாளில் நடப்பது போலவே.

இந்தக் காசு கப்பல் வாங்கப் போதாமல் போகலாம். கப்பலை ஓட்டப் பொருத்தமான காசு இதுதான் என்று நான் நினைக்கிறேன். வருஷா வருஷம் வருகிறது, டாலரிலோ யூரோவிலோ வருகிறது, டீசலும் உதிரி பாகமும் அதே காசில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மேலும், ரோந்து இருந்தால்தான் உரிமம் வாங்குகிறவன் வாங்குவான். திருட்டுத்தனமாகப் பிடிக்க முடியும் என்றால் எவன் காசு கட்டுவான்? சீஷெல்ஸ் 2020ல் தன் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது, வெளிநாட்டுக் கடனில் ஒரு பகுதியை மாற்றிக்கொண்ட ஏற்பாட்டின் பேரில். உலகம் பாராட்டியது. நான்கு லட்சம் சதுர கிலோமீட்டரைக் காக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு அதைச் சுற்றிவர டீசலுக்கு ஒதுக்காமல் இருப்பது சரியாகாது.

இன்ஜின்காரன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். வேகத்தை இரட்டிப்பாக்கினால் இன்ஜின் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். அதே தூரத்துக்கு டீசல் நான்கு மடங்கு. கொடுப்பவர்கள் பெரும்பாலும் 30 நாட் வேகத்துக்கு மேல் பாயும் படகைக் காட்டுவார்கள், படத்திலும் அழகாக இருக்கும். தூண்டில் கப்பல் ஓடுவது 10, 12 நாட். அதைத் துரத்த 18 நாட் தாராளம். வேகம் தேவைப்படும் இடத்தில் இறக்கிவிட ஒரு ரப்பர் படகு போதும். ஒரு மாதம் கடலில் நிற்கும் தெம்பும், தண்ணீரும், பெரிய அலையில் மாலுமி தூங்கக்கூடிய உடம்பும் உள்ள மெதுவான கப்பல் மீன்வளக் காவலுக்குப் பத்து வேகப் படகுக்குச் சமம். எந்தப் பணத்தில் வாங்கினாலும் இதில் தவறு செய்தால் பணம் புகையாகப் போகும்.

ஆக, நான் அவருக்குச் சொன்னது இது. முதல் வேலை கப்பல் தேடுவது இல்லை. உரிமக் காசில் இவ்வளவு பங்கு ரோந்து டீசல், சம்பளம், பழுதுக்கு மட்டும் என்று சட்டம் போட்டு, நிதி அமைச்சர் தொட முடியாத தனிக் கணக்கில் வைக்க வேண்டும். இரண்டு வருஷம் அது ஒழுங்காகச் சேருகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தக் காசு எத்தனை கடல் நாளைத் தாங்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ற அளவில் கப்பல் கேட்க வேண்டும். கப்பலைத் தானமாக வாங்கலாம், பழசாக வாங்கலாம். இரண்டும் அமையாவிட்டால் சலுகைக் கடன். நடுவில் விழும் இடைவெளிக்கு வாடகைக் கப்பலும் பக்கத்து நாட்டோடு கூட்டும்.

தானமா பழசா என்பதில் மட்டும் என் மனம் இன்னும் ஊசலாடுகிறது. துவாலு மாதிரி இடத்துக்குத் தானம்தான். சீஷெல்ஸுக்குக் கையில் கொஞ்சம் காசும் உரிம வருமானமும் இருப்பதால், நல்ல சர்வே செய்த பழைய கப்பலைத் தங்கள் பெயரில் வாங்குவது மேல் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தக் கப்பல் நம்ம தூத்தூர்ப் பசங்களையும் பிடிக்குமே மச்சான்" என்றார். பிடிக்கட்டும், எல்லை தாண்டினால் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் கடல் சட்ட ஒப்பந்தத்தின் 73வது பிரிவு ஒன்று சொல்கிறது: இந்த 200 மைல் கடலில் மீன்பிடிக் குற்றத்துக்கு, நாடுகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, சிறைத் தண்டனை கிடையாது, உரிய பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட வேண்டும். அந்தத் தனிக் கணக்கிலிருந்து, பிடிபட்டவர்களிடம் பேச ஒரு மொழிபெயர்ப்பாளருக்கும் சம்பளம் ஒதுக்கச் சொன்னேன். கோயில் வாசலில் கூடுகிறவர்களிலேயே அதற்கு ஆள் இருப்பார்கள் என்றார்.